செல்போனை வாங்கிட்டு சொம்பைக் கொடுங்க!

போன வருஷம் ஒரு மத்தியான வேளை. எங்கள் மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், தன் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு இரண்டே முக்கால் வயசு. எதிரே ஒரு தலையணை. அதன்மேல் சாய்த்துவைத்த செல்போன். அதில் ஒரு கரடி பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, குழந்தை கண் கொட்டாமல் பார்க்கிறது. ஸ்பூன் உதட்டில் பட்டதும் வாய் தானாகத் திறக்கிறது, தானாக மூடுகிறது. சாதம் சாம்பாரா, தயிரா? ஊஹும்... அதற்கே தெரியாது!

திடீரென்று போனில் சார்ஜ் தீர்ந்து திரை கறுத்துப்போனது. அவ்வளவுதான். தட்டு பறந்தது, தண்ணீர் கொட்டியது, அலறல் தெருக்கோடி வரை கேட்டது.

“என்ன பண்றது டீச்சரம்மா... போன் இல்லாட்டி ஒரு வாய் இறங்காது. இன்னும் சரியா பேச்சும் வரலை. மொத்தமா அஞ்சாறு வார்த்தைதான். ‘எல்லாம் உன்னாலதான், நீதானே போனைக் கொடுத்துப் பழக்கினே’ன்னு எங்க அத்தை தினமும் சொல்றாங்க...” என்று சொல்லி அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாலர் பள்ளியில் பல வருஷம் சின்னக் குழந்தைகளோடு மல்லுக்கட்டியவள் நான். அவளை உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் பாடமாகச் சொல்கிறேன். இதற்குக் காசு செலவில்லை. உங்கள் வீட்டு அடுக்களையும் வாசலும் போதும்!

எவ்வளவு நேரம் பார்க்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்கும் அப்படியே. 2 வயதிலிருந்து 4 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம்; அதிலும் குறைந்தால் இன்னும் நல்லது.

நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸும் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. இரண்டு வயதுக்குள் திரை கூடாது. ஆனால் வெளியூரில் இருக்கும் தாத்தா, பாட்டியோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே ஒரு மனுஷர் எதிரில் இருந்து பதிலுக்குப் பேசுகிறாரே!

இன்னொரு பக்கக் கணக்கையும் பாருங்கள். அதே உலக சுகாதார நிறுவனம், 1 முதல் 4 வயதுக் குழந்தை ஒரு நாளைக்குக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாடி இருக்கவேண்டும் என்கிறது. 3, 4 வயதுக் குழந்தைக்குத் தூக்கம் 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். சாப்பாடு, குளியல் போக மிச்சமிருக்கும் நேரத்தில் போனுக்கு இடம் எங்கே இருக்கிறது? போன் எடுத்துக்கொள்வது வேறு எதற்கோ உரிய நேரத்தை. அதுதான் விஷயமே.

‘போனைப் பார்த்துத்தானே ஏ.பி.சி.டி. சொல்றான்?’

இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மா இல்லை. ஒரு சோதனையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்ரீசியா கூல் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் 2003-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த 9 மாதக் குழந்தைகள். ஒரு பகுதிக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து பொம்மை காட்டி, புத்தகம் வாசித்துப் பேசினார்கள். ஒவ்வொரு முறையும் சுமார் 25 நிமிடம். மொத்தம் 12 தடவை. இன்னொரு பகுதிக் குழந்தைகளுக்கு அதே ஆட்கள் பேசுவதை வீடியோவில் காட்டினார்கள். முடிவு என்ன? நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்து அறிந்தார்கள். வீடியோ பார்த்த குழந்தைகள்? எதுவுமே பார்க்காத குழந்தைகள் மாதிரியேதான் இருந்தார்கள்!

குழந்தை பேச்சைக் கற்பது காதால் மட்டும் அல்ல. அது ‘ங்கா’ என்றால் நீங்கள் ‘என்னடா கண்ணு?’ என்கிறீர்கள். அது கை காட்டிய பக்கம் நீங்களும் திரும்புகிறீர்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மொழி வளர்கிறது. கரடி எவ்வளவு நன்றாகப் பாடினாலும், உங்கள் குழந்தை கை நீட்டிய பக்கம் திரும்பிப் பார்க்காதே!

கைக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் காரின் ஜேம்ஸ் என்பவர், இன்னும் வாசிக்கத் தெரியாத 5 வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2012-ல் வெளியானது. சில எழுத்துக்களைக் கையால் எழுதவைத்தார். சிலவற்றைக் கீ-போர்டில் தட்டவைத்தார். பிறகு ஸ்கேன் கருவியில் மூளையைப் பார்த்தால், தானே கையால் எழுதிய எழுத்தைக் கண்டபோதுதான் வாசிப்புக்கான மூளைப் பகுதிகள் நன்றாக வேலை செய்தன. தட்டிய எழுத்துக்கு அப்படி இல்லை.

‘அப்படியானால் மூணு வயசிலேயே நோட்டும் பென்சிலும் கொடுத்துவிடலாமா?’ என்று கிளம்பிவிடாதீர்கள்! மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் இருக்கின்றன. குழந்தை பிறக்கும்போது அவை எட்டும் வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாகி, எட்டாவதும் எக்ஸ்-ரேயில் தெரிவதற்கு 9 முதல் 12 வயது வரை ஆகிவிடும். மூன்று வயதுக் கை பென்சிலுக்குத் தயாராக இல்லை. பிசைய, உருட்ட, ஊற்ற, கிள்ள, கோக்கத் தயாராக இருக்கிறது. இதையெல்லாம் நன்றாகச் செய்த கைதான் பிறகு பென்சிலையும் நன்றாகப் பிடிக்கும்.

இதைக் கண்கூடாகக் காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலி நாட்டு டாக்டர். 1907 ஜனவரியில் ரோம் நகரின் ஓர் ஏழைக் குடியிருப்பில் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கினார். 1939-ல் நம் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். தண்ணீர் ஊற்றுவது, பெருக்குவது, பட்டன் போடுவது போன்ற வீட்டு வேலைகளையே அவர் பாடமாக வைத்தார். நம் பாட்டிமார் வீட்டில் செய்யவிட்டதும் இதைத்தானே!

சரி, இப்போது பாடத்துக்குப் போவோம்.

பாடம் 1: ஊற்றி விளையாடு (ஒன்றரை வயது முதல்)

வேண்டியவை: ஒரு தாம்பாளம், சின்னச் சொம்பு ஒன்று, டம்ளர் இரண்டு, ஒரு கைத்துணி.

முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீர் வேண்டாம். ஒரு கைப்பிடி அரிசியைச் சொம்பில் போட்டு, டம்ளரில் மெதுவாகக் கொட்டிக் காட்டுங்கள். பேசாமல் காட்டுங்கள். நீங்கள் பேசினால் குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும், கையைப் பார்க்காது. பிறகு சொம்பை அதன் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். சிந்தும்... சிந்தட்டும்! சிந்தியதைப் பொறுக்குவதும் விளையாட்டுதான். கை பழகியதும் அரை டம்ளர் தண்ணீர். சிந்தினால் துடைக்கத் துணி இருக்கிறதே.

செய்து முடித்த பிறகு பேசுங்கள். “நிறைஞ்சிடுச்சா?”, “காலி ஆயிடுச்சு!”, “அய்யோ, கொட்டிடுச்சு!” கையில் செய்த காரியத்தோடு சேர்ந்து வரும் வார்த்தை, குழந்தை மனதில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

பாடம் 2: இனம் பிரி (இரண்டு வயது முதல்)

துவைத்த துணியை மடிக்கும்போது குழந்தையைக் கூப்பிடுங்கள். “அப்பா சட்டை எது? பாப்பா சட்டை எது? இந்தக் காலுறைக்கு ஜோடி எங்கே?” கழுவிய கரண்டி, ஸ்பூன்களைத் தனித்தனியாக அடுக்கச் சொல்லுங்கள். கத்தியும் முள்கரண்டியும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். சந்தையிலிருந்து வந்த காய்கறிப் பையைக் கவிழ்த்து, வெங்காயம் ஒரு கூடை, உருளைக்கிழங்கு ஒரு கூடை என்று போடட்டும்.

மூன்று வயதுக்கு மேல், எதையும் வாயில் போடும் பழக்கம் போன பிறகு, மொச்சை, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு மூன்றையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லலாம். நீங்கள் எதிரிலேயே இருக்கவேண்டும். பெரியது - சிறியது, ஒன்று போல - வேறு மாதிரி... கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒன்று, இரண்டு என்று ஒப்பிப்பதெல்லாம் அப்புறம்தான்.

பாடம் 3: மாவும் மண்ணும் (இரண்டு வயது முதல்)

சப்பாத்திக்குப் பிசையும்போது ஓர் எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளிக் கொடுங்கள். ஒரு நாள் அதில் மஞ்சள் தூள், இன்னொரு நாள் பீட்ரூட் சாறு. கடையில் விற்கும் கலர் களிமண் தேவையே இல்லை. உருண்டை, பாம்பு, தட்டை, வளையல், வளையலுக்கு மேல் வளையல் வைத்தால் கிணறு! கிள்ளுவதும் உருட்டுவதும் விரல் நுனிகளுக்கு நல்ல பலம் தரும்.

வீட்டில் முற்றமோ தொட்டியோ இருந்தால் மண்ணே போதும். ‘ஐயோ, கை அழுக்காகிவிடுமே’ என்கிறீர்களா? சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் போச்சு. கழுவுவதே ஐந்து நிமிட விளையாட்டு!

பாடம் 4: கோலம் (மூன்று வயது முதல்)

காலையில் வாசலில் கோலம் போடும்போது பிள்ளையைத் தூங்கவிடாதீர்கள், பக்கத்தில் நிறுத்துங்கள். முதலில் விரலைத் தண்ணீரில் தொட்டு சிமெண்டுத் தரையில் புள்ளி வைக்கட்டும். காய்ந்து மறைந்ததும், “எங்கே போச்சு?” என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். “எங்கே போயிருக்கும்?” என்று நீங்களும் கேளுங்கள்.

அடுத்து சாக்பீஸ். மூன்று வரிசையில் மும்மூன்று புள்ளி. நேராகச் சேர்த்தால் கோடு, சுற்றிச் சேர்த்தால் சதுரம். நாலு வயதுக்கு மேல் கோலமாவைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து இழுக்கப் பழக்கலாம். பென்சில் பிடிக்கும் பயிற்சிக்கு இதைவிட நல்ல முன்னோட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. ஐந்து வயதில் கேளுங்கள்: “நேர்ப்புள்ளி அஞ்சு, வரிசை அஞ்சு. மொத்தம் எத்தனை?” எண்ணிப் பார்த்து 25 என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே! வாய்ப்பாட்டின் வாசல் அதுதான். ஆண் பிள்ளைக்கும் இதே பாடம்தான், வித்தியாசம் வேண்டாம்.

பாடம் 5: கிச்சுக் கிச்சுத் தாம்பாளமும் பல்லாங்குழியும்

மணலை நீளமான கரை மாதிரி குவித்து, ஒரு சின்னக் குச்சியை உள்ளே மறைத்துவிட்டு, ‘எங்கே இருக்கு, பொத்து பார்க்கலாம்’ என்போமே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று வயதுக் குழந்தைக்கு இது போதும். மறைத்த இடத்தை நினைவில் வைப்பது, ஊகிப்பது, தோற்றால் அழாமல் இன்னொரு முறை ஆடுவது... மூன்றும் ஒரே ஆட்டத்தில்!

ஐந்து வயதில் பல்லாங்குழி. பக்கத்துக்கு 7 ஆக 14 குழி. குழிக்கு 5 வீதம் 70 காய். ஒரு குழியை வாரி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். கை தீர்ந்ததும் அடுத்த குழியை வாரி ஆட்டத்தைத் தொடரவேண்டும். அடுத்த குழி வெறுங்குழி என்றால் அதைத் துடைத்து, அதற்கடுத்ததில் உள்ளது உங்களுக்கு. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஊருக்கு ஊர் விதி மாறும். பாட்டி சொல்லும் விதியையே வைத்துக்கொள்ளுங்கள். பலகை இல்லையா? முட்டை அட்டை போதும். இரண்டு அட்டையில் ஏழேழு குழி வெட்டிக்கொள்ளலாம். ஒன்றுக்கு ஒன்றாக எண்ணிப் போடுவதும், ‘இந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும்?’ என்று முன்கூட்டி யோசிப்பதும் எந்த ‘ஆப்’பும் சொல்லித் தராத பாடம்.

பாடம் 6: வாசலைத் தாண்டு (எல்லா வயதுக்கும்)

சாயந்திரம் அரை மணி நேரமாவது வெளியே கூட்டிப்போங்கள். பூவரச இலையில் பீப்பீ செய்து கொடுங்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி, பெரியதிலிருந்து சின்னது வரை அடுக்கட்டும். எறும்பு எங்கே போகிறது என்று அதன் பின்னாலேயே நடங்கள். காலையில் நீளமாக இருக்கும் நிழல் மத்தியானம் ஏன் குட்டையாச்சு என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள்.

வெளியே போவது கண்ணுக்கும் நல்லது. சீனாவின் குவாங்சோ நகரில் ஒரு பரிசோதனை செய்தார்கள். முடிவு 2015-ல் வெளியானது. 12 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகள். பாதிப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விளையாடவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்துக் கணக்கெடுத்தால், வழக்கம்போல இருந்த பள்ளிகளில் 100-க்கு 39 அல்லது 40 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விளையாடிய பள்ளிகளில் அது 100-க்கு 30 ஆகக் குறைந்திருந்தது. மருந்தில்லை, மாத்திரையில்லை... வெளிச்சம் மட்டும்தான்!

வெளியே போகமுடியாத அடுக்குமாடி வீடா? ஒரு பிடி பச்சைப்பயறை இரவு ஊறவைத்து, காலையில் ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் முளை எட்டிப்பார்க்கும். தினமும் அவிழ்த்துப் பார்க்கும் ஆவல் இருக்கிறதே, அதுதான் விஞ்ஞானம். நாலைந்து முளையைத் தேங்காய் ஓட்டில் மண் போட்டு நட்டு, ஜன்னலோரம் வையுங்கள்.

கட்டாயம் படிக்கவேண்டியது: ஜாக்கிரதை!

● மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை எதையும் வாயில் போடும். கடலை, புளியங்கொட்டை, சோழி, மணி, நாணயம், ஊதாத பலூன் எதுவும் எட்டும் இடத்தில் கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

● பல்லாங்குழிக்குக் குன்றிமணி வேண்டவே வேண்டாம். சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகுதான். ஆனால் அதில் அப்ரின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. மென்று விழுங்கினால் ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படியே. புளியங்கொட்டை, சோழியே போதும், அதுவும் பெரிய பிள்ளைகளுக்கு.

● ரிமோட், கடிகாரம், பாட்டுப் பாடும் பொம்மைகளில் இருக்கும் வட்டமான பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

● தண்ணீர் விளையாட்டின்போது கை எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்கவேண்டும். வாளியில் அடியில் கிடக்கும் கொஞ்சத் தண்ணீரில்கூடச் சின்னக் குழந்தை மூழ்கிவிடும். ஆட்டம் முடிந்ததும் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள்.

போனை எப்படி நிறுத்துவது?

ஒரே நாளில் பிடுங்கினால் வீடு போர்க்களம்தான். படிப்படியாக வாருங்கள்.

முதல் வாரம் சாப்பாட்டு வேளையை மட்டும் மீட்டு எடுங்கள். தரையில் எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். குழந்தைக்குத் தனித் தட்டில் நாலு வாய் சாதம் வைத்து, தானே பிசைந்து சாப்பிடவிடுங்கள். இரண்டு மூன்று நாள் குறைவாகச் சாப்பிடும். பயப்படாதீர்கள். ஆரோக்கியமான குழந்தை பசித்தால் சாப்பிடும். எடை குறைகிற மாதிரி இருந்தால் மட்டும் டாக்டரைப் பாருங்கள்.

இரண்டாம் வாரம் தூங்கப்போகும் நேரம். படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே போன், டி.வி. இரண்டுக்கும் ஓய்வு. அந்த நேரத்துக்குக் கதை.

மூன்றாம் வாரம் மிச்ச நேரம். “இந்தப் பாட்டு முடிஞ்சதும் வெச்சிடணும்” என்று முன்னாலேயே சொல்லுங்கள். நிறுத்திய உடனே கையில் வேறொன்றைக் கொடுங்கள். வெறுங்கையோடு விட்டால்தான் அழுகை. சொம்பு ரெடியாக இருக்கட்டும்!

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. நம் கையில் போன் இருக்கும்வரை குழந்தையும் அதைத்தான் கேட்கும். அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் போனை அலமாரியில் வைத்துவிட்டு கால் மணி நேரம் தரையில் உட்காரட்டும். அது போதும்.

அம்மாக்கள் கேட்டவை

“இரண்டு பேரும் வேலைக்குப் போறோம். இதுக்கெல்லாம் நேரம் ஏது?”

தனி நேரம் தேவையில்லை. பூண்டு உரிக்கும்போதும், துணி மடிக்கும்போதும், குளிக்கவைக்கும்போதும் நடக்கிற பாடம் இது. பகலில் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால், இந்தப் பக்கங்களை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். பாதிக்கு மேல் அவருக்கே தெரிந்திருக்கும்!

“டி.வி. சும்மா ஓடிட்டுத்தானே இருக்கு, அவ பார்க்கறதே இல்லையே?”

அவள் பார்க்காவிட்டாலும் நீங்கள் பார்க்கிறீர்களே! டி.வி. ஓடும் நேரத்தில் பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது குறைந்துவிடுகிறது. யாரும் பார்க்காத டி.வி.யை அணைத்துவிடுங்கள்.

“‘போரடிக்குது’ன்னு சிணுங்கறானே?”

சிணுங்கட்டும். பத்து நிமிடம் போரடித்தால், பதினொன்றாம் நிமிடம் நாற்காலியைக் கவிழ்த்து பஸ் ஓட்டுவான்.

“போன் பார்த்ததாலதான் பேச்சு வரலையா? ஆட்டிசம் வந்துடுமா?”

அதிக நேரம் திரை பார்க்கும் குழந்தைகளிடம் பேச்சுத் தாமதம் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் போன்தான் ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்பது நிரூபிக்கப்பட்டதல்ல. அது மூளை வளர்ச்சி சார்ந்தது. பரம்பரைக் காரணங்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. எனவே, ‘எல்லாம் அம்மா செய்த தப்பு’ என்று யாரும் தீர்ப்புச் சொல்லவேண்டாம். ‘போனை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

எப்போது டாக்டரிடம் போகவேண்டும்?

ஒரு வயதாகியும் மழலை ஒலியோ, கை காட்டிக் கேட்பதோ இல்லை. 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. எந்த வயதிலும் வந்த பேச்சு நின்றுபோகிறது... இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கவேண்டும். நம் நாட்டில் 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழிகாட்டுவார்கள். ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்ற சமாதானம் உதவாது.

மாடி வீட்டுக் குழந்தை என்ன ஆனாள்?

முதல் வேலையாகக் காது பரிசோதனை. நல்லவேளை, கேட்கும் திறன் சரியாக இருந்தது. டாக்டர் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்; வாரம் ஒரு நாள் போனார்கள். வீட்டில் போன் சாப்பாட்டு வேளையிலிருந்து வெளியேறியது. முதல் நாலு நாள் அழுகை, அவள் அம்மாவும் சேர்ந்து அழுதாள். ஐந்தாம் நாள் சொம்பும் டம்ளரும் ஜெயித்தன.

மூன்றாம் வாரம் ஒரு நாள், தாம்பாளம் நிரம்பி வழிந்ததைப் பார்த்து, “கொட்டிட்டு” என்றாளாம் குழந்தை. அதுவரை சொல்லாத வார்த்தை. ‘எல்லாம் உன்னாலதான்’ என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தையே ஓடிவந்து என்னிடம் சொன்னார். மந்திரம் போட்ட மாதிரி எல்லாம் மாறிவிடவில்லை. இப்போது அவளுக்கு மூன்றரை வயசு ஆகிவிட்டது. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறாள். சில எழுத்துக்கள் இன்னும் நாக்கில் புரளவில்லை. பயிற்சி தொடர்கிறது.

போன வாரம் மாடிக்குப் போனேன். குழந்தை தரையில் உட்கார்ந்து தானே ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதி தட்டில், கால்வாசி வயிற்றில், மீதி தரையில்!

“இப்பல்லாம் தரையைத் துடைக்கிறதுதான் டீச்சரம்மா பெரிய வேலை” என்று சிரித்தாள் அவள் அம்மா.

துடைக்கிற வேலைதானே? அதையும் அவள் கையிலேயே ஒரு துணியைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம். அடுத்த பாடம் அதுதான்!